மருத்துவர் பதில்கள்: வெட்டி எடுத்த கட்டியை என்ன செய்தார்கள்?

தோலில் வரும் சிறு கட்டிகளையும் மருக்களையும் குடும்ப மருத்துவரே தம் மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 41. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி ஆறு வருடமாக இருக்கிறது. வலி இல்லை, ஆனால் இரண்டு முறை சீழ் பிடித்து உடைந்து வடிந்தது. எங்கள் ஊர் டாக்டர், "அரை மணி நேர வேலை, இங்கேயே எடுத்துவிடலாம்" என்கிறார். என் மாமியாரோ, கத்தி பட்டால் கட்டி புற்றாக மாறிவிடும் என்றும், எடுப்பதானால் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றும் சொல்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது? — வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, முதலில் உங்கள் மாமியாரின் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கத்தி பட்டதால் சாதாரணக் கட்டி புற்றாக மாறுவதில்லை. ஆனால் அந்த நம்பிக்கை வெறுமனே பிறந்ததும் அன்று. முதலிலிருந்தே புற்றாக இருந்த ஒன்றைச் சாதாரணக் கட்டி என்று நினைத்து அரைகுறையாக வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அது மீண்டும் வளர்ந்து நின்றபோது, ஊரார் பழியைக் கத்தியின் மேல் போட்டார்கள். பிழை, வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பாததில்தான் இருந்தது.

உங்கள் கணவரின் கட்டி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தோலுக்கடியில் பை போல உருவாகும் கட்டியாக இருக்கலாம். அதன் மேல்தோலில், வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால், ஊசி முனை அளவில் ஒரு கறுத்த துளை தெரியும். விரலால் அசைத்தால் கட்டி தோலோடு சேர்ந்தே நகரும். உள்ளே இருப்பது கொழுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தோல் உதிர்க்கும் செதில் சேர்ந்து குழைந்த வெண்மையான பொருள். அதைப் பிதுக்கி எடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கும். பை உள்ளேயே இருப்பதால் மீண்டும் நிரம்பும். ஆகவே பையை முழுதாக எடுப்பதுதான் சிகிச்சை.

அது எப்படி நடக்கும் என்பதை அறிந்துகொண்டால் பயம் குறையும். கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் மருந்தை மெல்லிய ஊசியால் செலுத்துவார்கள். சில நொடிகள் சுரீரென்று எரியும். சில நிமிடங்களில் அந்த இடம் மரத்துவிடும். அதன் பிறகு தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. தோலின் இயல்பான கோடுகளை ஒட்டி, அந்தக் கறுத்த துளையையும் சேர்த்து, கண் வடிவில் தோலைக் கீறி, பையைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து மெல்லப் பிரிப்பார்கள். நுங்கின் மேல்தோலை உரிக்கும்போது உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் உரிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ, அவ்வளவு பொறுமை இதற்கும் வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை சீழ் பிடித்த கட்டியில் பை சுற்றுத் திசுவோடு ஒட்டியிருக்கும் என்பதால் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். சீழ் இருக்கும் நிலையில் எடுக்கக் கூடாது; அப்போது கீறிச் சீழை வடியவிட்டு, புண் ஆறிச் சில வாரங்கள் கழித்தே பையை எடுக்க வேண்டும்.

முதுகுத் தையலைப் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். தையல் பிரித்துவிட்டதாலேயே புண் முழு பலம் பெற்றுவிட்டது என்று உங்கள் கணவர் நினைத்துவிடக் கூடாது. மூன்று வாரத்தில் அந்தத் தோலுக்கு இயல்பான பலத்தில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் திரும்பியிருக்கும். தோள்பட்டைக்குக் கீழே புண்ணை வைத்துக்கொண்டு வலை இழுத்தால் தழும்பு அகன்றுவிடும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, இத்தகைய சிகிச்சைக்கு அதைவிட நல்ல காலம் நம் கடற்கரையில் இல்லை. தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

மதுரைக்குப் போக வேண்டியவை எவை என்றால், ஐந்து சென்டிமீட்டரைவிடப் பெரியவை, சதைக்கு அடியில் அசையாமல் இறுகி இருப்பவை, சில மாதங்களிலேயே வேகமாக வளர்ந்தவை, கழுத்தின் பக்கவாட்டிலும் நெற்றிப்பொட்டிலும் நரம்பு ஓடும் பாதையில் இருப்பவை ஆகியனவே. குழந்தைகளுக்கு மூக்குத்தண்டிலோ முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலோ நடுக்கோட்டில் இருக்கும் கட்டியை எந்தக் குடும்ப மருத்துவரும் தொடக் கூடாது. அது உள்ளே மூளையோடோ தண்டுவடத்தோடோ தொடர்புகொண்டிருக்கக்கூடும். இப்போது இவற்றுக்கும் எல்லோரும் மதுரை வரை போக வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் முதலில் காட்டலாம்.

உங்கள் ஊர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?" அனுப்புவேன் என்றால் அங்கேயே செய்துகொள்ளலாம். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில் தொடங்கிய காலத்தில், ஒரு படகுத் தொழிலாளியின் மூக்கோரத்தில் மிளகு அளவில் இருந்த பளபளப்பான பருவை எடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, ஜன்னலோரத்தில் வைத்தேன். எடுத்துப்போக ஆள் இல்லை என்று அது ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. முடிவு வந்தபோது அது தோல் புற்று என்றும், வெட்டிய விளிம்பில் அதன் செல்கள் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தது. பரவும் வகை அன்று என்பதால் அவர் பிழைத்தார். ஆனால் இரண்டாவது அறுவையில் மூக்கின் ஓரத்தை அவர் இழந்தார். அந்தக் குப்பியை நான் மறக்கவில்லை.

கேள்வி: எங்கள் வாப்பாவுக்கு 68 வயது. இருபது வருடமாகச் சுகர். இரண்டு வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறார்கள். கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து அடிக்கடி சீழ் வைக்கிறது. கழுத்தில் நிறைய மருக்களும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாமா? மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? — வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். தோலில் வரும் ரத்தக்கசிவு கண்ணுக்குத் தெரியும். விரலால் அழுத்தினால் நிற்கும். நிற்காவிட்டால் ஒரு தையல் போதும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் எட்டாது. மருத்துவர் ஒரு காஸ் துணியை வைத்துப் பத்து நிமிடம் கூடுதலாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் போயிற்று. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதுவே பதில். அவர்கள் மட்டும் அறுவைக்கு முந்தைய இரண்டு மூன்று நாளுக்குள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அது 3.5-க்குள் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நகத்தைப் பொறுத்தவரை, முழு நகத்தையும் பிடுங்குவது பழைய வழக்கம். பிடுங்கிய நகம் திரும்ப வளரும்போது பெரும்பாலும் அதே சதைக்குள்தான் வளரும். இப்போது, உள்ளே குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுத்து, அந்த ஓரம் மறுபடி முளைக்காதபடி வேரில் பீனால் என்னும் அரிக்கும் மருந்தைத் தடவுகிறார்கள். விரலின் அடியில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டித்தான் இதைச் செய்ய முடியும். முடிந்ததும் அந்தப் பட்டையைக் கழற்ற மறந்தால் விரலே அழுகிவிடும். ஆகவே கட்டும்போதே அதில் ஒரு கனமான கிடுக்கியைப் பூட்டித் தொங்கவிடுவது நல்ல மருத்துவரின் பழக்கம். ஆனால் வாப்பாவுக்கு இதைச் செய்வதற்கு முன், பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதா, பாதத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நாடி கிடைக்கவில்லையென்றால் ரத்த ஓட்டப் பரிசோதனை முதலில், நகம் பிறகு. சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் சில வாரம் தள்ளிப்போடுங்கள். சீழ் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள்.

கழுத்து மருக்கள் அவசரமானவை அல்ல. சுகர் உள்ளவர்களுக்கு அவை அதிகம் வரும். உங்கள் கழுத்திலும் அப்படி மருக்களும், பின்கழுத்தில் வெல்வெட் துணி போன்ற கருமையும் இருந்தால், உங்களுக்கும் ஒரு முறை சுகர் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்குக் குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்காலில், கறுப்பாக ஒரு தடிப்பு இருக்கிறது. கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடமாக ஆணி பிளாஸ்டர் ஒட்டுகிறார்கள். அவ்வப்போது பிளேடால் சீவியும் விடுகிறார்கள். கருவாடு காயவைக்கும் களத்தில் வெறுங்காலோடு நிற்கிற வேலை. சமீபத்தில் அதில் கசிவு வருகிறது. ஆணியை அறுவை செய்து எடுத்துவிடச் சொல்லலாமா? — வாசகி, தேவிபட்டினம்

பதில்: அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த வாரத்திலேயே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "ஆணியை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "இது ஆணிதானா என்று பாருங்கள்" என்று கேளுங்கள்.

கால் ஆணி கறுப்பாக இராது. அது மஞ்சள் படிந்த, காய்த்துப்போன தோல். மேலே சீவினால் நடுவில் கண்ணாடி போன்ற ஒரு குருத்துத் தெரியும். உள்ளங்காலில் வரும் பாலுண்ணியைச் சீவினால் குண்டூசி முனை போலக் கறுத்த புள்ளிகள் தெரிந்து, அவற்றிலிருந்து பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும். உள்ளே நசுங்கி உறைந்த ரத்தமும் கறுப்பாகத் தெரிவதுண்டு. ஆனால் மருத்துவர் மேல்தோலைச் சீவினால் அந்தக் கருமை சீவலோடு போய்விடும். இம்மூன்றும் இல்லாமல், கருமை தோலுக்குள்ளேயே ஊன்றி நின்றால், மெலனோமா என்னும் கரும்புற்றை நினைக்க வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் இந்த நோய் அரிது. ஆனால் நமக்கு வரும்போது அது பெரும்பாலும் வெயில் படும் இடத்தில் வராமல், உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது. யாரும் பார்க்காத இடம் என்பதாலும், ஆணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்ற பெயர்கள் கையருகே இருப்பதாலும் காலம் போய்விடுகிறது.

இரு பாதிகளும் ஒத்திராத வடிவம், கடலோர வரைபடம் போல ஒழுங்கில்லாத விளிம்பு, ஒரே மச்சத்தில் பல நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், மாதத்துக்கு மாதம் மாற்றம்: இவற்றுள் ஏதேனும் இருந்தால் மருத்துவர் அதைச் சீவவோ, சூடு வைத்துப் பொசுக்கவோ கூடாது. பொசுக்கிவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. அது எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று பிறகு யாராலும் அளக்க முடியாது. அந்த ஆழம்தான் மேற்கொண்டு என்ன சிகிச்சை என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே உள்ளங்காலில் உள்ள கருமையைக் குடும்ப மருத்துவர் தாமே வெட்டாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. அவ்வாறு அனுப்பினால் அவரைத் திறமையற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு இது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம்; அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். அதுவரை பிளேடும் வேண்டாம், ஆணி பிளாஸ்டரும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டரில் இருப்பது தோலைக் கரைக்கும் அமிலம். களத்தில் நிற்கும்போது செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பார்க்கும் மருத்துவரிடம் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சுகராலோ தொழுநோயாலோ உணர்ச்சி இழந்த பாதத்திலும் இத்தகைய தடிப்பும் கசிவும் வரும்.

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன் வலையிலிருந்து மீன் கழிக்கும்போது திருக்கை முள் வலது கை நடுவிரலில் குத்திவிட்டது. அன்றே சுடுதண்ணீர் வைத்து, முள்ளை எடுத்தார்கள். காயம் ஆறியது. ஆனால் ஒன்றரை மாதம் கழித்து அதே இடத்தில் கட்டி வந்து, இப்போது மணிக்கட்டுக்கு மேலேயும் இரண்டு சிறு கட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கீறி எடுத்துவிட்டால் சரியாகுமா? — வாசகர், பாம்பன்

பதில்: ஐயா, சுடுதண்ணீர் வைத்தது மிகச் சரி. திருக்கை நஞ்சின் வலி வெப்பத்தில் அடங்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மிகாத நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். வலியில் துடிக்கிறவருக்குச் சூடு தெரியாது என்பதால், பக்கத்தில் இருப்பவர் தம் முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

இப்போதுள்ள கட்டிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்; அது பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். பனைமட்டைக் கருக்கோ மரச்சிராயோ என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில் தேட வேண்டும். ஆனால் விரலில் தொடங்கிக் கை வழியே மேலேறி வரிசையாகக் கட்டி வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. மீனிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி இருக்கிறது. மைக்கோபாக்டீரியம் மெரினம் என்று பெயர். காசநோய்க் கிருமியின் உறவு. காயத்தின் வழியே நுழைந்து, வாரக்கணக்கில் அமைதியாக இருந்து, பிறகு இப்படிக் கட்டிகளாக வெளிப்படும். கீறி எடுத்தால் இது தீராது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்.

ஆகவே உங்களுக்குச் செய்ய வேண்டியது, கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, அதைப் பாதியாக்கி, ஒரு பாதியை ஃபார்மலினிலும், மறு பாதியைக் கிருமி வளர்ப்புக்காக ஃபார்மலின் இல்லாமலும் அனுப்புவது. இந்தக் கிருமி உடல் சூட்டைவிடக் குறைந்த, ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்தில்தான் நன்கு வளரும். சீட்டில் "மீனவர், திருக்கை முள் குத்தியது" என்று எழுதியிருந்தால்தான் ஆய்வகத்தார் அந்த வெப்பத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தூண்டில் முள் ஏறினால் வந்த வழியே இழுக்காதீர்கள். எதிர்ப்பக்கம் நீட்டிய கூர் சதையைக் கிழித்துவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டு, முனையை முன்னால் தள்ளி வெளியே கொண்டுவந்து, அந்தக் கூரைக் கொறடால் நறுக்கிய பிறகு பின்னால் எடுப்பார்கள். ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சுகரோ கல்லீரல் நோயோ உள்ளவருக்குக் கடல் நீர் பட்ட காயம் ஓரிரு நாளில் வீங்கி, காய்ச்சலோடு கருநீலக் கொப்புளம் கிளம்பினால், சிறிய மருத்துவமனை எதிலும் நிற்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அதில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: மருவைத் தலைமுடியால் கட்டினால் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். சுண்ணாம்பு தடவினாலும் போகுமாம். செய்யலாமா? — வாசகி, பெரியபட்டினம்

பதில்: காம்போடு தொங்கும் மரு கட்டினால் உதிரும் என்பது உண்மை, சீழ் பிடிப்பதும் உண்மை. மருத்துவர் ஒரு நிமிடத்தில் கத்தரித்துவிடுவார். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், அவ்வளவுதான். கண்ணிமையில் உள்ளதை வீட்டில் தொடவே வேண்டாம்.

கேள்வி: நான் கடலோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதமான மருத்துவர். சிறு அறுவை சிகிச்சைகளைத் தொடங்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது? — வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: டாக்டர், உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து மாறிப் போய், வரிசையில் நின்று செய்துகொள்ள வேண்டியதை, தம் ஊரிலேயே தமக்குத் தெரிந்த மருத்துவரிடம் செய்துகொள்வது இம்மக்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களுக்கு விரைவில் தெரியும்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், சிறு அறுவை தேவைப்பட்டவர்களைக் குடும்ப மருத்துவரிடமும் மருத்துவமனைக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. வேலையின் தரத்தில் மருத்துவமனை சற்று மேலாக இருந்தது; வித்தியாசம் பெரிதில்லை. நோயாளிகளின் திருப்தியோ குடும்ப மருத்துவர் பக்கமே கூடுதலாக இருந்தது. கவலை தந்தது வேறொன்று: புற்றைப் புற்றென்று கண்டறிவதில் குடும்ப மருத்துவர்கள் பின்தங்கியிருந்தார்கள். எனவே தையல் பழகுவதற்கு முன், மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் சில வாரம், புறநோயாளிகள் நேரத்தில், அனுமதி பெற்று உட்கார்ந்து பாருங்கள்.

மருந்தளவை மனக்கணக்காகப் போடாதீர்கள். இரண்டு சதவீத லிக்னோகெயினில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கிறது. அட்ரினலின் சேராத மருந்தைக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 9 மில்லியே எல்லை. உதடு மரக்கிறது, காதில் இரைகிறது என்று நோயாளி சொன்னால் அப்போதே நிறுத்துங்கள். கருவிகளை வெந்நீரில் கொதிக்கவைப்பது போதாது. ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வேண்டும். மின்சாரம் போனால் கையில் என்ன விளக்கு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மார்பு நடுவிலும் தோளிலும் காது மடலிலும் தழும்பு தடித்து வளரக்கூடும் என்பதை வெட்டுவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

ஒரு பெரிய நோட்டு வாங்கி, தேதி, பெயர், எந்த இடம், என்னவென்று நினைத்தீர்கள், குப்பி என்று போனது, முடிவு என்று வந்தது, நோயாளியிடம் என்று சொன்னீர்கள் என்று கட்டம் போட்டு, குப்பி எடுத்துச் செல்லும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். சனிக்கிழமைதோறும் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் ஆய்வகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். முடிவு வந்தும் ஆள் வரவில்லையென்றால் வீட்டுக்கு அழையுங்கள்; கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால், படகு எப்போது கரை சேரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் மறுபடியும் அழையுங்கள்.